அஞ்சல் முத்திரை

பஃபலோ நகரில், கூட்டரசு நீதிமன்றத்தின் நான்காம் மாடியில்
நாட்களை எண்ணுவது என் வேலை.
பணத்தை எண்ணத்தான் எடுத்தார்கள்.
டோரின் வாசிக், கணக்காளர் என்று
கதவில் எழுதியிருக்கிறது.
மேசை முழுக்க நாட்காட்டிகள்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில்
ஸ்விடர்ஸ்கி பேக்கரி எரிந்தது.
உங்கள் மேசைத்துணியை வாடகைக்கு எடுக்க மாட்டேன்,
ரொட்டிக் கடைக்கு எதற்கு மேசைத்துணி
என்று கேட்டவரின் கடை.
தீயணைப்புக் குழாயின் நீர் தெருவிலேயே உறைந்து
ஏப்ரல்வரை கிடந்ததாம்,
உள்ளே கருகிய தட்டு ஒன்றோடு.

தீவைப்புக்கு ஐந்தாண்டு ஆயுள்.
எண்பத்து நான்கில் அந்தக் குற்றம்
யாரும் தொடாமலே செத்திருக்க வேண்டும்.

தனியாய் இருந்தால்தான் சாகும் என்றார் வழக்கறிஞர் பெத்தூன்,
சூப்பை ஊதிக்கொண்டே.
கூட்டுச்சதியின் கடிகாரம்
முதல் அடி விழுந்ததும் ஓடத் தொடங்குவதில்லை.
கூட்டம் கலைய வேண்டும், அப்புறம்தான் முதல் நொடி.

கலையவில்லையே.
தொண்ணூற்றொன்றிலும் வெள்ளிக்கிழமைதோறும்
நாற்பத்தோரு உணவகங்களுக்கு
வெளுத்த துணி போய்க்கொண்டிருந்தது.
மடிப்புகளுக்குள்
அந்தப் பழைய தீ ஆறாமல் இருந்தது.

ஒராட்ஸியோ ட்ரிகிலியோ எண்பத்து மூன்றில் ஓய்வு பெற்றார்.
அதாவது, ஃபுளோரிடாவுக்குப் போனார்,
தக்காளி நட்டார்,
முழங்காலுக்கு அறுவை செய்துகொண்டார்.
எட்டு வருஷமாக நான் ஒன்றும் செய்யவில்லை என்றார்.
உண்மைதான். செய்யவில்லை.
யாரிடமும் ஒன்றும் சொல்லவும் இல்லை.
கையை எடுத்தால் போதாது,
வாயைத் திறந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.
மௌனம் சம்மதமாம், ஃபுளோரிடாவிலும்.

தவிர, டிசம்பர்தோறும் அவருக்கு ஓர் உறை,
கைத்துடைப்புத் துணிக்குள் மடித்து.
இருநூறு டாலர்.
கடைசி உறையை நான்தான் கண்டுபிடித்தேன்,
சலவைக்கூடப் பேரேட்டில் 'சோப்பு' என்ற தலைப்பின் கீழ்.
ஐந்தாண்டு நிறையப் பதினோரு நாள் மிச்சம்.
இது தேவையே இல்லை, ஆனாலும் நல்லது
என்று பெத்தூன் என் தோளைத் தட்டினார்.

இனி லீலண்ட் ஸ்பர்.
தீக்குச்சியைக் கிழித்தவன்.
அப்போது பத்தொன்பது வயது, துணிவண்டி ஓட்டி.
எண்பத்தொன்றில் முதலாளிக்கு ஓர் அஞ்சலட்டை போட்டான்.
முன்பக்கம் நயாகரா.
பின்பக்கம், சாய்ந்த எழுத்தில்:
'இனி நான் இல்லை. வண்டிச்சாவி கதவுக்கு மேலே.'
முதலாளி அதைப் பணப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்தார்,
வருவோர் போவோரிடம் காட்டிச் சிரிக்க.
சிரித்துச் சிரித்தே பத்திரமாய் இருந்தது.

வட்ட முத்திரை. மே பதினான்கு.
அன்றைக்கே அவன் கடிகாரம் ஓடத் தொடங்கி
நாங்கள் வருமுன் நின்றும் போயிருந்தது.
மூன்று முறை எண்ணினேன்.
நான்காம் முறை, தப்பாக எண்ணியிருக்கக் கூடாதா என்று எண்ணினேன்.

நீதிபதி அவனைப் போகச் சொன்ன காலை
ஹலினா ஸ்விடர்ஸ்கி மூன்றாம் வரிசையில் இருந்தாள்,
மடியில் ஈரக் கையுறைகள்.
அழவில்லை. கத்தவில்லை.
நடைவழியில் என்னை நிறுத்தி
அந்த அட்டையைப் பார்க்கலாமா என்றாள்.

சான்றுப் பொருள், தொடக் கூடாது.
பிளாஸ்டிக் உறையோடு நீட்டினேன்.
அருவியை நெடுநேரம் பார்த்தாள்.
திருப்பினாள், வாசித்தாள்.
உதடு அசைந்தது, இரண்டாம் முறை வாசிக்கிறாள்.

'எங்களுக்கும் ஒன்று போட்டிருக்கலாம்' என்றாள்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.
அஞ்சல்தலை பன்னிரண்டு சென்ட்.
குறித்துக்கொண்டேன்,
எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல்.